முகம் காட்டாத புகழ்

ஜப்பானில் முகத்தைக் காட்டாமல் பாடிப் பெயர் வாங்குவது இப்போது ஒரு மரபாகவே ஆகிவிட்டது. 2007இல் ஹட்சுனே மிக்கு என்ற செயற்கைக் குரல் மென்பொருள் வந்ததும், புனைபெயர்க்காரர்கள் அறைக்குள் இருந்தபடியே பாட்டுக் கட்டி இணையத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். இன்றைய நட்சத்திரம் கென்ஷி யோனெசு அன்று வெறும் 'ஹாச்சி'. வீட்டு அலமாரிக்குள் உட்கார்ந்து குரல் பதிந்த பாடகி அடோ, 2020இல் 'உஸ்ஸேவா' பாடலை வெளியிட்டபோது அவருக்கு வயது 17.

இந்த வழக்கத்தை உள்ளிருந்து பார்க்கும் அனிமே தொடர் 'யோரு நோ குராகே வா ஒயோகெனாய்'. ரியோஹெய் தாகெஷிதாவின் இயக்கத்தில் 2024இல் 12 பகுதிகளாக வந்தது. ஷிபுயாவில் நான்கு பெண்கள் 'ஜெலீ' என்ற பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பாட்டு வெளியிடுகிறார்கள்.

புகழ்ப்பசியைத் தொடர் கூசாமல் காட்டுகிறது. சிறுவயதில் தான் வரைந்த சுவரோவியத்தைத் தோழிகள் கேலி செய்தபோது, அது தன்னுடையது என்று சொல்லாமல் தானும் சேர்ந்து சிரித்தவள் மஹிரு. அவளே இப்போது ஜெலீக்குப் படம் வரைகிறாள். யாரோ ஒரு ரசிகர் வரைந்த படம் அவளுடையதைவிட நன்றாக இருக்கிறது என்று பின்னூட்டம் வருகிறது. பெருமிதம் அங்கேயே நின்றுபோய், பொறாமை தலைதூக்குகிறது. அறிவுரை சொல்ல எவரும் வராததே அந்தப் பகுதியின் பலம்.

முகமூடியின் மறுபக்கத்தையும் தொடர் விடவில்லை. பள்ளிக்கே சரியாகப் போகாத, ஜெலீயில் ஒருத்தியான கியூயிக்கு இணையத்தில் மெய்நிகர் உருவம் ஒரு கவசம். ஆனால் ஜெலீயின் பாடகி கனோவின் பழைய குழுவில் இருந்த மேரோவோ, பெயரை மறைத்து நடத்திய சேனலில் போட்டிக் குழுக்களின் அந்தரங்கங்களை அம்பலப்படுத்தியவள். ஒரே ஏற்பாடு ஒருத்திக்கு மூச்சு, இன்னொருத்திக்கு ஆயுதம். இவ்வளவு தெளிவாக இதைச் சொன்ன இசை அனிமேக்கள் குறைவு.

சறுக்கல் கடைசிப் பகுதிகளில். கனோவின் தாய்தான் அந்தப் பழைய குழுவின் தயாரிப்பாளர். மகளைச் சரக்காக ஆக்கியவர். கனோ மேரோவை அடித்த விவகாரம் வெடித்ததும் மகளைக் கைகழுவியவரும் அவரே. அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மேடை வெளிச்சத்தில் கரைந்துவிடுகின்றன. ஜெலீக்கு இசையமைக்கும் மெய் என்ற பெண்ணுக்கு உரிய இடமும் கிடைக்கவில்லை. 12 பகுதிகள் போதவில்லை என்று சமாதானம் சொல்லலாம், ஆனால் நகைச்சுவைக்கு மட்டும் நேரம் தாராளமாகக் கிடைத்திருக்கிறதே!

அதே பருவத்தில் வந்த 'கேர்ள்ஸ் பேண்ட் க்ரை' என்ற அனிமே தொடர் இந்த இடத்தில் துணிச்சலானது. நிறுவனம் மூலம் வெளியிட்ட பாட்டை யாரும் சீண்டாமல் போக, அதில் வரும் இசைக்குழுப் பெண்கள் ஒப்பந்தத்தை உதறிவிட்டு அந்தச் சொற்பக் கேட்பு எண்ணிக்கையோடேயே அடுத்த பாட்டுக்குப் போகிறார்கள்.