சிங்கப் பாட்டின் ஆசிரியர் யார்?

மேலைநாட்டு மெல்லிசையிற் பயின்றோர், ‘இன்றிரவு சிங்கம் உறங்குகின்றது’ என்று பொருள்படும் ஆங்கிலப் பாடலைக் கேட்டிராமல் இரார். ரோக்கன்ஸ் என்னும் நியூயோர்க் இளைஞர் குழுவினர் 1961 ஆம் ஆண்டிற் பாடிய அப்பாட்டு, அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்க விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றது. அதனை அறுபதுகளின் அமெரிக்கப் பாடல் என்பர். யாம் அவ்வாறு கொள்ளோம். அதன் உயிர் 1939 இல் யோகான்னஸ்பேர்க் நகரிலே தோன்றியது.

சொலமன் லிண்டா என்பார் நேட்டாலிலிருந்து அந்நகருக்குத் தொழில் தேடி வந்த சூலு இனத்தவர். கலோ இசைத்தட்டு நிறுவனத்தில் தட்டுக்களைப் பொதிசெய்யும் வேலையாள். அந்நிறுவனத்திற்கே தம் குழுவினருடன் ‘இம்பூபே’ என்ற பாட்டைப் பதிவு செய்தார். அச்சொல்லுக்குச் சூலு மொழியிற் சிங்கம் என்பது பொருள். தாழ்ந்த ஆண்குரல்கள் ஒரே தொடரை மீட்டும் மீட்டும் பாட, அவற்றின் மேலே லிண்டாவின் உச்சக்குரல் கட்டின்றி உலவுகின்றது. பதிவு முடியுந் தறுவாயில், அவர் அக்கணத்தே புனைந்து பாடிய சிறு இசைத்தொடர் ஒன்று கேட்கிறது. பின்னாளில் உலகம் முணுமுணுத்த மெட்டு அதுவே. பாட்டின் உரிமைக்காக அவர் பெற்றது 10 சிலிங் என்பர்.

இத்தட்டு, நாட்டார் இசை ஆய்வாளர் அலன் லோமக்ஸ் வாயிலாகப் பீற் சீகரிடம் சென்றது. அவர் ‘உயிம்பூபே’ என்பதை ‘விமோவே’ எனப் பிழையாகக் கேட்டு எழுதினார். அப்பிழையே பாட்டின் பெயராயிற்று. வீவர்ஸ் குழுவினர் பாட, 1952 இல் அது புகழ் பெற்றது. சீகர் இதனை மரபுவழி வந்த பாட்டெனக் கருதினார். ஈண்டுதான் தவறு வேரூன்றியது. ‘நாட்டார் பாடல்’ என்ற பெயர் ஒரு படைப்புக்குப் பெருமை தருவதுபோலத் தோன்றி, படைத்தவனை மறைத்துவிடுகிறது. பாடியவன் பெயர் தட்டிலேயே அச்சாகியிருந்தும், ஆபிரிக்கர் பாட்டு எனின் அது எவர்க்கும் பொது என எண்ணினர் போலும்!

ஜோர்ஜ் டேவிட் வைஸ் 1961 இல் ஆங்கிலச் சொற்களை அமைத்தார். லிண்டாவின் இறுதி இசைத்தொடரே பாட்டின் மணி என உணர்ந்த அவரது செவியின் கூர்மையை மறுத்தற்கில்லை. ஆயினும், மூலத்திற் சிங்கத்தை விளித்தெழும் வீறு மறைந்து, தாலாட்டின் அமைதி குடிபுகுந்தது. சிங்கமும் புல்வெளியை விட்டு அடர்காட்டுக்குக் குடிபெயர்ந்தது!

லிண்டா 1962 இல் வறுமையிலே இறந்தார். 1994 இல் டிஸ்னியின் ‘லயன் கிங்’ திரைப்படத்திலும் அப்பாட்டு ஒலித்தது. 2000 ஆம் ஆண்டில் எழுத்தாளர் ரியன் மலான் இவ்வரலாற்றை வெளிப்படுத்தினார். ஆசிரியர் இறந்து 25 ஆண்டுகளின் பின் உரிமை வாரிசுகளைச் சேரும் என்ற 1911 ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டத்தை ஆதாரமாகக் கொண்டு, 2004 இல் தென்னாபிரிக்காவில் டிஸ்னி மீது வழக்குத் தொடரப்பட்டது. 2006 இல் இணக்கம் ஏற்பட்டது. லிண்டா ‘இணை ஆசிரியர்’ என ஏற்கப்பட்டார். ‘இணை’ என்னும் அந்த அடை எமக்கு உடன்பாடன்று. ஆங்கிலச் சொற்கள் வைசுடையன, மெட்டு லிண்டாவுடையது.