நாலு ஜிபி வேலி

64 ஜிபி பென்டிரைவ் காலியாகக் கிடக்கிறது. 6 ஜிபி கல்யாண வீடியோவை அதில் போட்டால், கோப்பு மிகப் பெரியது என்று கணினி கையை விரிக்கிறது. "பென்டிரைவ் போயிடுச்சி, வேற வாங்குங்க" என்பார் ஒருவர். "ஃபார்மட் பண்ணுங்க, சரியாயிடும்" என்பார் இன்னொருவர். முதல் யோசனை காசுக்குக் கேடு. இரண்டாவது பாதி சரி. எதற்கு மாற்றுவது என்பதைச் சொல்லாததால் மீதிப் பாதி தவறு.

காரணம் எளிது. கடையில் வாங்கும் பென்டிரைவ்கள் பல ஃபேட்32 முறையில் வருகின்றன. 1996இல் விண்டோஸ் 95இன் திருத்தப் பதிப்போடு வந்த முறை அது. ஒரு கோப்பின் அளவைக் குறித்துவைக்க அது ஒதுக்கியிருப்பது 32 பிட் மட்டுமே. அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,29,49,67,295. அத்தனை பைட்டுக்கு, அதாவது 4 ஜிபிக்கு, மேல் ஒரு பைட் கூடினாலும், பென்டிரைவில் எவ்வளவு இடம் மிச்சமிருந்தாலும், அந்தக் கோப்பு நுழையாது.

வழக்கமான பதில் எக்ஸ்ஃபேட். 2006இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. இந்த வேலி அதில் இல்லை. விண்டோஸ், மேக் இரண்டுமே அதில் படிக்கும், எழுதும். 2019இல் அதன் விவரக்குறிப்பு வெளியானபின் லினக்ஸும் சேர்ந்துகொண்டது. கணினிக்குக் கணினி கொண்டுபோக இதைவிடச் சிறந்தது இல்லை. இதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் மலேசியாவின் ஹுத்தான் மெலிந்தாங்கில் அந்தப் பென்டிரைவ் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் கணினி அல்ல. 1906இல் ரப்பருக்காகத் தொடங்கிய ஜெண்டராட்டா போன்ற தோட்டங்கள் செம்பனைக்கு மாறி வெகுகாலம் ஆகிறது. பிள்ளைகள் பலர் கிள்ளான், கோலாலம்பூர் என்று போய்விட்டார்கள். வீடியோக்காரரின் கணினியில் எழுதி, மகனின் லேப்டாப் வழியாக, பாட்டி வீட்டு டிவியின் பின்பக்கத்தில் செருகப்படுவதுதான் அதன் பயணம். எக்ஸ்ஃபேட் தோற்பது அங்கேதான். பழைய டிவிகளில் சில ஃபேட்32ஐயும் விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸையும் படிக்கும், எக்ஸ்ஃபேட்டைக் கண்டால் பேசாமல் இருந்துவிடும். "எல்லாவற்றிலும் ஓடும்" என்ற பெயரை அது வாங்கியது கணினி மேசையில், வரவேற்பறையில் அல்ல.

அப்படியானால் என்டிஎஃப்எஸ்? அதற்கும் நியாயம் உண்டு. மாற்றங்களை முன்கூட்டியே குறித்துக்கொண்டு எழுதும் முறை என்பதால், பாதியில் பிடுங்கினாலும் அடைவு குலைவது குறைவு; எக்ஸ்ஃபேட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஃபேட்32 பென்டிரைவை உள்ளிருப்பதை அழிக்காமலே என்டிஎஃப்எஸ்ஸுக்கு மாற்றும் கட்டளை விண்டோஸில் இருக்கிறது. எக்ஸ்ஃபேட்டுக்கு அப்படி ஒரு கட்டளை இல்லை; முழுக்க அழித்துத்தான் போக வேண்டும். மறுபக்கம், மேக் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், தானாக எழுதாது. மகன் மேக் வைத்திருந்தால் அவர் ஒரு படம்கூடச் சேர்க்க முடியாமல் நிற்பார்.

வீடியோவைச் சுருக்கிவிடலாம் என்ற யோசனையைத்தான் நான் மிகக் குறைவாக மதிக்கிறேன். எச்.265இல் அளவு ஏறக்குறைய பாதியாகும். ஆனால் பழைய டிவிக்கு அதை விரிக்கத் தெரியாது. மறுபடி சுருக்கியதில் இழந்த தரமும் திரும்பாது. ஒரு வேலியைத் தாண்டப்போய் இரண்டு வேலி.

மிஞ்சுவது, துண்டு போடுவது. பழைய உத்தி என்று இதை ஒதுக்குகிறார்கள். எனக்கு இதுவே சரியாகப் படுகிறது. விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் பதிந்த முழு எச்டி படம் 4 ஜிபிக்குள் சுமார் 57 நிமிடம் அடங்கும். நலங்கு ஒரு கோப்பு, தாலி கட்டு ஒரு கோப்பு, கல்யாண டின்னர் ஒரு கோப்பு என்று வெட்டினால் எதுவும் வரம்பைத் தொடாது. மறுபடி சுருக்காமல் அப்படியே வெட்டித் தரும் மென்பொருள்கள் இருப்பதால் தரமும் போகாது. தாலி கட்டும் இடத்தைத் தேடி முழுப் படத்தையும் ஓட்டவேண்டிய அவசியமும் இல்லை. 50 மெகாபிட்டில் எடுத்த 4கே படத்துக்கு மட்டும் இது செல்லாது: 11 நிமிடத்துக்கு ஒரு வெட்டு விழும், பார்ப்பவர் சலித்துவிடுவார்.

இதையெல்லாம் எடைபோடும் முன் விலக்கவேண்டிய ஐயம் ஒன்று உண்டு. மலிவு விலையில் 1 டிபி என்று விற்கும் போலிப் பென்டிரைவ் மறுக்காது. எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும், பிறகு பாதிப் படம் ஓடாது. மறுப்பதைவிட இது கொடியது. எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற இலவச மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துப் பார்த்தால் உண்மைக் கொள்ளளவு தெரிந்துவிடும்.

ஆகவே, குடும்பத்துக்குக் கொடுக்கும் எச்டி படம் ஃபேட்32இல், சடங்கு வாரியாக வெட்டி. 4கே மூலப்படம் எக்ஸ்ஃபேட்டில், ஆனால் அதுவே ஒரே பிரதியாக இருக்கக் கூடாது. என்டிஎஃப்எஸ், டிவியும் விண்டோஸும் மட்டுமே உள்ள வீட்டுக்கு. எந்த வீட்டில் எந்த டிவி என்பதை முன்பணம் வாங்கும்போதே வீடியோக்காரர் கேட்டுக்கொள்ளலாம். பென்டிரைவைக் கொடுக்கும் முன் ஒவ்வொரு கோப்பின் கடைசி நிமிடத்தையும் ஒரு தரம் ஓட்டிப் பார்க்கலாம்.