இழுத்தால் எழும் சுவர்

ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண வரைவு மென்பொருளில் புதுக் கோப்பைத் திறந்தால் வெற்றுத் தரையில் ஓர் ஆள் நிற்பார். அவர் அளவுக்காக நிற்பவர். வரையப்போகும் அலமாரி கைக்கு எட்டுமா, ஜன்னல் கண்மட்டத்தில் வருமா என்பதை அவரை வைத்தே கணிக்கலாம். அறை வடிவமைப்பைக் கற்க வருபவருக்கு இதைவிட நல்ல முதல் பாடம் அரிது.

2000-இல் அமெரிக்காவில் வெளிவந்த இந்த மென்பொருளின் உயிர் 'புஷ்/புல்' கருவி. தரையில் ஒரு செவ்வகம் வரைந்து, அதன் பரப்பை மவுஸால் மேலே இழுத்தால் மேடையாகும். 850 மி.மீ. என்று தட்டினால் சமையல் மேடை மிகச் சரியாக அந்த உயரத்தில் நிற்கும். கனமுள்ள சுவரில் செவ்வகம் வரைந்து மறுபக்கம்வரை தள்ளினால் ஜன்னல் திறந்துவிடும். 1963-இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் ஒளிப்பேனாவால் திரையில் கோடிழுத்த 'ஸ்கெட்ச்பேட்'டின் வழிவந்த சுகம் இது!

அதைவிட அழகு, நிழல்.

ஊர், தேதி, நேரம் மூன்றையும் கொடுத்தால் போதும். சென்னையில் டிசம்பர் மாத நண்பகல் வெயில் தென்புற ஜன்னல் வழியே எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்பது திரையிலேயே தெரியும். படிக்கும் நாற்காலியை எங்கே போடுவது, எந்தத் துணி வெளுத்துப்போகும் என்பதெல்லாம் செங்கல் வைப்பதற்கு முன்பே முடிவாகிவிடும்.

ஒரே ஒரு கவனம் வேண்டும். இதில் தொடும் கோடுகள் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பொருளையும் வரைந்தவுடன் 'குரூப்' ஆக்காவிட்டால், மேசையை நகர்த்தும்போது தரையும் கூடவே இழுபடும்.