றபான் கேட்ட காதுக்கு ராப் புதிதல்ல

நோன்பு மாதத்தில் சஹர் நேரம் பக்கீர் பாவா றபானைத் தட்டிப் பைத் பாடிக்கொண்டு தெருவால் வந்த காலம் கல்முனைக்குடியில் பலருக்கு நினைவிருக்கும். அரைத் தூக்கத்தில் தாளம் மட்டும் விளங்கும். பகலில் அதே பைத்தைக் கேட்கும்போதுதான் சொல் பிடிபடும். அரசியல் பேசும் ராப்பையும் இந்த வரிசையில்தான் கேட்க வேண்டும்.

'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவிலிருந்து தொடங்குங்கள். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. 2018 ஜனவரி 6ஆம் திகதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியது. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியில்லாத் தமிழர்' என்ற சொல்தான் அதன் பெயருக்கு மூலம். முதல் தடவை வரிகளை விட்டுவிடுங்கள். பறையும் சட்டியும் கட்டமோளமும் எங்கே விழுகின்றன, கிற்றார் எங்கே வழிவிடுகிறது என்று மட்டும் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் அடித்தாளம் செத்துவிடும், ஹெட்போன் போடுங்கள். வடசென்னைச் சாவு வீடுகளில் விடிய விடியப் பாடிய கானாவும், நியூயோர்க் தெருக்களில் கறுப்பின இளைஞர்கள் வளர்த்த ராப்பும் ஏன் ஒட்டிக்கொண்டன என்பது அப்போது விளங்கும்.

இரண்டாம் தடவை, பாடுபவர் யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்று தேடுங்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். நம் பக்கத்து நாட்டார் கவியில் மச்சானை முன்னால் நிறுத்தித்தான் பெண் நாலு வரியில் மனக்குறையைச் சொல்லுவாள். மச்சானை எடுத்துவிட்டால் கவிக்கு உயிரில்லை. ராப்பில் அந்த இடத்தில் அரசு நிற்கும், காணிக்காரன் நிற்பான், சில வேளை நாமே நிற்போம். பலஸ்தீன இளைஞர்கள் 1999இல் லித் நகரில் தொடங்கிய 'டாம்' ராப் குழு அரபியிலும் பாடுகிறது, ஹீப்ருவிலும் பாடுகிறது. மொழி மாறினால் எதிரே நிற்பவரும் மாறுகிறார். நம்மூர் எம்.ஏ. நுஃமான் 1981இல் தமிழுக்குத் தந்த பலஸ்தீனக் கவிதைகளில் மஹ்மூத் தர்வீஷைப் படித்தவருக்கு இந்தக் குரல் அந்நியமாக இராது.

மூன்றாம் தடவை, பாடலுக்குப் பின்னால் இருக்கும் கதையை அறிந்துகொண்டு கேளுங்கள். ராப் பாடகர் அறிவு எழுதிய 'எஞ்சாய் எஞ்சாமி' 2021இல் வந்தபோது நம் கல்யாண வீடுகளில்கூட ஒலித்தது. அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின்பு தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டவர். இதை அறிந்தபின், ஆட்டம் போட வைத்த அந்த மெட்டுக்குள்ளே ஒப்பாரி கேட்கத் தொடங்கும்.

கோபமாகக் கத்துவதெல்லாம் அரசியல் ராப் ஆகாது. யாருடைய நிலம், யாருடைய உழைப்பு, யாருடைய சாப்பாடு என்று பெயர் சொல்லிப் பேசாத பாட்டை நான் இரண்டாம் முறை போடுவதில்லை.

அடுத்த கொடியேற்றத்துக்குக் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிப் பக்கம் போனால், பைத் பாடுபவர்கள் மூச்சு எடுக்கும் இடங்களைக் கவனித்துக் கேளுங்கள். வீட்டுக்கு வந்து, அந்தச் சூடு ஆறுமுன் அறிவின் பாட்டொன்றைப் போடுங்கள்.