நட்சத்திரங்கள் வழி காட்டுமா?

பூங்காக்களையும் மலைப் பாதைகளையும் தேடித் தரும் செயலி ஏதேனும் உங்கள் கைப்பேசியில் இருக்கிறதா? இல்லாவிட்டாலும் பாதகமில்லை. அதன் அமைப்பு எளியது. ஒரு நிலப்படம், அதன்மேல் வண்ணக் கோடாக ஒரு பாதை. பக்கத்தில் பாதையின் நீளம், ஏற்றம், நடக்க ஆகும் நேரம், 'எளிது', 'நடுத்தரம்', 'கடினம்' என்று ஒரு முத்திரை. அதற்குக் கீழே, அப்பாதையில் நடந்து வந்தவர்கள் இட்ட நட்சத்திரங்களும் எழுதிய கருத்துக்களும் இருக்கும். 2010-ல் அமெரிக்காவில் தோன்றிய 'ஆல்ட்ரெயில்ஸ்' இவ்வகையில் பெயர் பெற்றது. 2023-ல் ஐஃபோனுக்கான அந்த ஆண்டின் சிறந்த செயலியாக ஆப்பிள் நிறுவனம் அதைத் தேர்ந்தெடுத்தது.

செயலிகளுக்கு மதிப்புரை எழுதுவோர் பலர் உண்டு. நான் எழுத வந்தது அதுவன்று. பயன்படுத்துவோர் தம் கருத்தென்று எழுதி வைக்கிறார்களே, அந்த எழுத்துக்களுக்கே ஒரு மதிப்புரை எழுத விரும்புகிறேன். சென்ற கோடை விடுமுறையில் பல மாலைகளை அவற்றைப் படிப்பதில் கழித்தேன். (அந்த நேரத்தில் ஒரு மலையே ஏறியிருக்கலாமே என்று வீட்டில் கேட்டார்கள்.) இயற்பியல் ஆசிரியனின் கண்ணுக்கு அவை ஆய்வுக்கூடக் குறிப்பேடுகளாகவே தெரிந்தன. நம் மாணவர்கள் செய்முறைத் தேர்வில் செய்யும் பிழைகள் அத்தனையும் அங்கே இருந்தன. வேறெங்கும் கிடைக்காத அருமையான அளவீடுகளும் அங்கேதான் இருந்தன.

அடிக்கடி காணும் புகார் தொலைவைப் பற்றியது. செயலி 10 கி.மீ. என்று சொல்லியிருக்கும். நடந்து முடித்தபின் கைப்பேசி 10.8 கி.மீ. என்று காட்டும். 'பொய்க் கணக்கு' என்று சினந்து ஒற்றை நட்சத்திரம் இடுவார் நம் நண்பர். பொய் யாருடையது?

ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றியபடி, அணுக் கடிகாரத்தின் நேரத்தைத் தாங்கிய ரேடியோ அலைகளை அனுப்புகின்றன. அலை வந்து சேர எடுத்துக் கொண்ட நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் செயற்கைக் கோளின் தொலைவு கிடைக்கும். அந்த நேரத்தில் ஒரு மைக்ரோ நொடி பிசகினால் தொலைவில் 300 மீ. பிசகும். இத்தனைக்கும் நடுவே, திறந்த வானத்தின் கீழ் ஒரு சாதாரணக் கைப்பேசி சுமார் 5 மீ. பிழைக்குள் நம் இடத்தைச் சொல்லிவிடுவதே வியப்புக்குரியது. அடர்ந்த மரங்களும் பாறைச் சுவர்களும் சூழ்ந்தால் பிழை கூடும்.

இப்போது ஒரு சிறு கணக்கு. நீங்கள் நேராக நடக்கிறீர்கள். 10 மீ. தோறும் கைப்பேசி ஒரு புள்ளி குறிக்கிறது. ஆனால் ஒரு புள்ளியை 2 மீ. இடப்பக்கமும் அடுத்ததை 2 மீ. வலப்பக்கமும் தள்ளிக் குறிக்கிறது என்று கொள்ளுங்கள். பிதாகரஸ் தேற்றப்படி, அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே தொலைவு 10 மீ. அன்று, 10.77 மீ. ஆகவே 10 கி.மீ. நடை 10.77 கி.மீ. ஆகிவிடுகிறது. கோணல் நீங்கள் நடந்ததில் இல்லை, கைப்பேசி குறித்ததில் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் இதற்கு நேர்மாறு நடக்கும்: புள்ளிகள் வளைவைக் குறுக்கே வெட்டிச் செல்வதால் நீளம் குறையும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். மொட்டை மாடிச் சுவர்மேல் கைப்பேசியை வைத்து, நடையைப் பதிவு செய்யும் செயலியை இயக்கிவிட்டு அரை மணி கழித்து வாருங்கள். அசையாமல் கிடந்த கைப்பேசி கொஞ்ச தூரம் உலாவி வந்ததாகக் கணக்குக் காட்டக் கூடும்! (நாம் நிற்பதை உணர்ந்து சில செயலிகள் கணக்கை நிறுத்திவிடும். அப்படியானால் வேறொன்றில் முயலுங்கள்.)

இது கைப்பேசியோடு பிறந்த சிக்கலும் அன்று. ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையே உள்ள ஒரே எல்லை ஓரிடத்தில் 987 கி.மீ. என்றும் மற்றோரிடத்தில் 1,214 கி.மீ. என்றும் பதிவாகியிருந்ததை, பிரிட்டனின் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் எடுத்துக் காட்டினார். அளக்கும் கோல் சிறிதாகச் சிறிதாக, வளைந்து நெளிந்த கோட்டின் நீளம் வளரும்.

உயரத்தைப் பற்றிய புகாரும் இதே குடும்பம். செயற்கைக் கோள்கள் எல்லாம் நம் தலைக்கு மேலே இருக்கின்றன. காலுக்குக் கீழிருந்து எந்த அலையும் வருவதில்லை. ஆகவே கிடைத்திசையை விடச் செங்குத்தில் பிழை அதிகம். காற்றழுத்தத்தால் உயரத்தை அறியும் கைப்பேசிக்கு வேறொரு தொல்லை. கடல் மட்டத்தருகே சுமார் 8 மீ. ஏறினால் அழுத்தம் 1 மில்லிபார் குறையும். நீங்கள் மரநிழலில் அமர்ந்து கட்டுச்சோறு உண்ணும்போது வானிலை மாறி அழுத்தம் 3 மில்லிபார் இறங்கினால், உட்கார்ந்தபடியே 24 மீ. ஏறிவிட்டதாகக் கைப்பேசி எழுதிக்கொள்ளும்.

நேரத்தைப் பற்றிய மனத்தாங்கலுக்கு ஒரு வரி போதும். ஸ்காட்லாந்தின் வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் தந்த விதி, மணிக்கு 3 மைல் நடை, 2,000 அடி ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி என்பது. இவ்வகைக் கணக்குகளில் உங்கள் முழங்கால் வலியோ, வழியில் எடுத்த புகைப்படங்களோ இடம் பெறுவதில்லை.

ஆனால் இன்னொரு புகார் உண்டு. அதில் நான் பயனாளர் பக்கம். 'காட்டுக்குள் சென்றதும் சிக்னல் போயிற்று, செயலி கைவிட்டது' என்கிறார்கள். இங்கே இரண்டு அலைகளைப் போட்டுக் குழப்பிக் கொள்கிறோம். செயற்கைக் கோளிலிருந்து இடத்தை அறியக் கைப்பேசிக் கோபுரம் தேவையில்லை. கோபுரம் வழியாக வருவது நிலப்படம். அதாவது, காட்டுக்குள் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது கைப்பேசிக்குத் தெரிந்தே இருக்கும். அதைக் குறித்துக் காட்டப் படந்தான் இராது. முன்கூட்டியே படத்தை இறக்கி வைத்துக் கொண்டால் தீர்ந்தது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். எந்த இடத்தில் படம் இன்றியமையாததோ அந்த இடத்துக்கான படத்தை இறக்கும் வசதியைப் பல செயலிகள் கட்டணம் செலுத்துவோருக்கே தருகின்றன. ஒற்றை நட்சத்திரத்துக்கு ஏற்ற குறை இதுதான் என்பது என் தீர்ப்பு.

இனி நட்சத்திரங்களுக்கு வருவோம்.

தனி ஊசல் சோதனையில் ஊசலாடும் நேரத்தைப் பலமுறை அளந்து சராசரி காண்கிறோம். ஏன்? ஒவ்வொரு முறையும் அளக்கப்படும் பொருள் ஒன்றே. பிழை மட்டும் இப்படியும் அப்படியுமாக மாறுகிறது. கூட்டி வகுத்தால் பிழைகள் ஒன்றையொன்று அழிக்கும். நடுவில் யாரேனும் ஊசலின் நூலை நீட்டிவிட்டால் அந்தச் சராசரிக்குப் பொருள் உண்டா? மலைப்பாதையில் நூல் ஒவ்வொரு மாதமும் நீண்டு சுருங்குகிறது. ஏப்ரலில் நடந்த நால்வர் ஐந்தைந்து நட்சத்திரம் இடுகிறார்கள். ஆகஸ்டு வெள்ளத்தில் ஓடைப்பாலம் போய்விடுகிறது. ஐந்தாமவர் பாதி வழியில் திரும்பி வந்து ஒற்றை நட்சத்திரம் இடுகிறார். சராசரி 4.2! பார்ப்பவருக்கு நல்ல பாதை. அந்த ஐந்தாமவர் ஒருவரே அன்றைய உண்மையைச் சொன்னவர். கணக்கு அவரைப் பிழையாக எண்ணி அழுத்திவிட்டது.

'எளிது', 'கடினம்' என்ற சொற்களும் அப்படியே. அலகு எழுதாத விடைக்கு நாம் மதிப்பெண் குறைக்கிறோம். எழுதியவர் இருபது வயதுக் கால்பந்து வீரரா, முழங்கால் தேய்ந்த அறுபது வயதுக்காரரா, எந்த மாதம், எத்திசையில் நடந்தார் என்று சொல்லாத 'எளிது' அலகில்லாத எண்தான்.

இதெல்லாம் வெறும் கணக்கு விளையாட்டு என்று எண்ணிவிடாதீர்கள். பிரிட்டனின் மிக உயர்ந்த மலை ஸ்காட்லாந்தில் உள்ள பென் நெவிஸ். உயரம் 1,345 மீ. 2021 ஜூலையில் 'மௌன்ட்டனீரிங் ஸ்காட்லாந்து', 'ஜான் மியூர் டிரஸ்ட்' என்ற இரு அமைப்புகள் ஓர் எச்சரிக்கை விடுத்தன. கூகிள் நிலப்படத்தில் மலையைத் தேடினால், உச்சிக்கு மிக அருகில் உள்ள வண்டி நிறுத்துமிடத்துக்கு அது வழி சொன்னது. அங்கிருந்து உச்சிக்குப் புள்ளிக் கோடு ஒன்றையும் காட்டியது. அருகில் என்றால் காகம் பறக்கும் தொலைவில்! நேர்க்கோட்டு இடப்பெயர்ச்சி வேறு, நடந்து கடக்கும் தொலைவு வேறு என்று பதினோராம் வகுப்பில் படிக்கிறோம். அந்தக் கோட்டின் வழியே இருந்தது பாதையற்ற செங்குத்துப் பாறைச் சரிவு. அனுபவமிக்க மலையேறிகளுக்கே உயிராபத்தானது என்றனர். அந்தக் கோடு தொலைவைக் குறிப்பதேயன்றி நடைவழி அன்று என்று நிறுவனம் விளக்கியது. பின்னர், வருகையாளர் மையத்துக்கு வழிகாட்டும்படி மாற்றுவதாகச் சொன்னது. நான் இங்கே சுட்ட விரும்புவது வேறு. முன்பே தொடர்பு கொள்ள முயன்றும் தமக்குப் பதில் கிடைக்கவில்லை என்று அவ்வமைப்புகள் அப்போது கூறின. மலையையே அறிந்தவர்களின் கருத்துக்கு இந்தக் கதி என்றால், வழிப்போக்கர் எழுதும் இரண்டு வரியை யார் படிப்பது?

2023-ல் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் பார்ஃப் என்ற குன்றில், ஒரு செயலி காட்டிய வழியே இறங்கியவர்கள் பாறைச் சரிவில் சிக்கிக் கொண்டனர். கெஸ்விக் மலை மீட்புக் குழுவினர் சென்று மீட்டனர். இக்குழுவினர் ஊதியம் பெறாத தொண்டர்கள். அதன் பிறகே அந்த வழி செயலியிலிருந்து நீக்கப்பட்டது.

கருத்துப் பெட்டியில் இன்னொரு கோளாறும் உண்டு: போகக் கூடாத இடத்துக்கும் அது நட்சத்திரம் வாங்கிக் கொள்ளும். கலிபோர்னியாவின் ரெட்வுட் தேசியப் பூங்காவில் 'ஹைப்பீரியன்' என்ற மரம் நிற்கிறது. சுமார் 116 மீ.; உலகில் அறியப்பட்ட உயிருள்ள மரங்களில் மிக உயரமானது. அதற்குப் பாதையே கிடையாது. ஆயினும் இணையத்தில் பரவிய குறிப்புகளைப் பின்பற்றிப் பலர் சென்று, மரத்தடி மண்ணை மிதித்துக் கெடுத்தனர். 2022-ல் அந்தப் பகுதிக்குச் செல்வதே தடை செய்யப்பட்டது. மீறினால் 5,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். நம் ஊர்க் காப்புக் காடுகளிலும் வனத்துறை அனுமதியின்றி நடந்துவிட்டு ஒருவர் ஐந்து நட்சத்திரம் இட்டால், செயலி நன்றி கூறி ஏற்றுக் கொள்ளும்.

அப்படியானால் இந்தக் கருத்துக்கள் வீணா? அவ்வாறு சொல்ல மாட்டேன். சராசரியைத் தாண்டி, புதியது முதலில் வருமாறு அடுக்கிப் படியுங்கள். தேதி, திசை, கண்ட இடம், கண்ட பொருள் இந்த நான்கும் உள்ள வரிகளை மட்டும் பொறுக்குங்கள். இரண்டாவது ஓடையில் முழங்கால் அளவு நீர், விழுந்த மரம் பாதையை மறைக்கிறது, இடப்பக்கக் கிளைவழியில் போகவேண்டாம் என்பன போன்றவை. எந்தச் செயற்கைக் கோளும் தராத செய்தி இது. ஒருவர் கால் நோக நடந்து கொண்டுவந்து கொடுத்தது.

நானும் ஒருமுறை எழுதினேன். எங்கள் ஊருக்கு அருகே ஒரு குன்றுக் கோயிலுக்குச் செல்லும் வழி. நிலப்படத்தில் பாதி ஏற்றத்தில் ஒரு சுனை குறிக்கப்பட்டிருந்தது. அதை நம்பி ஒரே ஒரு குப்பித் தண்ணீரோடு மே மாதத்தில் ஏறி, வெடித்த சேற்றைப் பார்த்துவிட்டு இறங்கினேன். 'மே 14, காலை 9 மணி, சுனையில் நீர் இல்லை' என்று குறித்தேன். நட்சத்திரம் இடாமல் அனுப்ப அந்தச் செயலி விடவில்லை. ஆகவே மூன்று இட்டேன். எதற்கு மூன்று என்று இன்றும் தெரியாது. டிசம்பரில் பார்த்தபோது, என் குறிப்பின் மேலே வேறொருவர், சுனை நிரம்பி வழிகிறது என்றும் நான் எழுதியது தவறு என்றும் எழுதியிருந்தார். என் குறிப்பை நீக்கிவிடலாமா என்று யோசித்தேன். நீக்கவில்லை. அடுத்த மே மாதம் ஏறுகிறவருக்கு அது வேண்டியிருக்கும்.