அழுகிய ஆங்கிலமும் ஆப்பிரிக்கப் புதினமும்: மொழித்தேர்வு குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

குடியேற்ற ஆட்சி அகன்ற பின்னரும் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் கல்வி, நீதி, நிருவாகம் ஆகிய துறைகளில் ஆங்கிலம் நிலைபெற்றது. அம்மொழியில் ஆப்பிரிக்க இலக்கியம் படைக்கலாமா என்னும் வினா, 1962இல் கம்பாலாவின் மக்கெரெரே பல்கலைக்கழகக் கல்லூரியில் நடைபெற்ற எழுத்தாளர் மாநாட்டைத் தொடர்ந்து கூர்மையடைந்தது. ஆங்கிலத்தில் எழுதுவோருக்கெனக் கூட்டப்பட்ட அம்மாநாட்டில் சுவாகிலிக் கவிஞர் ஷாபான் ராபர்ட் போன்றோர்க்கு இடமிருக்கவில்லை. இவ்விவாதத்தைச் சினுவா அச்சிபி, கூகி வா தியாங்கோ ஆகிய இருவரின் எதிர்நிலைகளாகச் சுருக்கிக் காண்பது வழக்கம். அச்சுருக்கம் ஆங்கிலத்தின் உள்வேறுபாடுகளை மறைக்கிறது என்பதைக் கென் சரோ-விவாவின் ‘சோசாபாய்’ (1985) உணர்த்துகிறது.

அச்சிபியின் நிலைப்பாடு

ஆப்பிரிக்க அனுபவத்தைத் தாங்குமாறு ஆங்கிலத்தை மாற்றியமைக்க இயலும் என்பது அச்சிபியின் கருத்து. 1965இல் வெளிவந்த கட்டுரையில், தம் ‘இறைவனின் அம்பு’ புதினத்தில் பூசாரி எசெயுலு தம் மகனைக் கிறித்தவரிடம் அனுப்பும்போது கூறுவதை வழக்கமான ஆங்கில நடையிலும் எழுதி ஒப்பிட்டுக் காட்டினார். இரண்டிலும் கருத்து ஒன்றே; ஆனால் முதலாவதில் இபோ முதியவர் பேசுகிறார், இரண்டாவதில் அப்பேச்சுக்கு ஊரில்லை. எனினும் இம்மாற்றம் பழமொழி, உவமை, தொடரோசை ஆகியவற்றோடு பெரிதும் நின்றுவிடுகிறது. பள்ளி கற்பித்த இலக்கணம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

கூகியின் மறுப்பு

எவரைப் பற்றி எழுதப்படுகிறதோ அவரே வாசிக்க இயலாத மொழியில் எழுதுவதைக் கூகி மறுத்தார். 1977இல் கமிரீத்துவில் உழவரும் தொழிலாளரும் நடித்த கிக்குயு நாடகம் தடைசெய்யப்பட்டது. சில வாரங்களில் அவர் விசாரணையின்றிச் சிறையிலடைக்கப்பட்டார். சிறையின் கழிப்பறைத் தாளில் அவர் எழுதிய கிக்குயு புதினமே ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ எனத் தமிழில் அறியப்படுகிறது. ஆட்சி அஞ்சியது மக்கள் மொழியின் வீச்சுக்கே என்பதற்கு அவர் வாழ்வே சான்று. எனினும் தாய்மொழிக்கு அச்சும் வாசகரும் வாய்க்காத சிறுபான்மை இனத்து எழுத்தாளரின் நிலையை அவர் வாதம் போதிய அளவு கருதவில்லை.

சரோ-விவாவின் மூன்றாம் வழி

அத்தகைய சிறுபான்மை இனமான ஒகோனியரில் பிறந்தவர் சரோ-விவா. நைஜீரியாவில் ஆங்கிலத்தைக் கைவிடுவது, பெரும்பான்மை மொழிகளின் ஆதிக்கத்துக்கு இடமளிப்பதாகும் என அவர் கருதினார். ‘அழுகிய ஆங்கிலத்தில் ஒரு புதினம்’ என்னும் துணைத்தலைப்புடைய ‘சோசாபாய்’, நைஜீரியப் பிட்ஜின், சிதைந்த ஆங்கிலம், ஆங்காங்கே செம்மையான ஆங்கிலம் ஆகியவற்றின் கலவையில் அமைந்தது. கதைசொல்லி மெனெ குறைந்த கல்வி பெற்ற இளைஞன். அதிகாரிகளும் படைத்தலைவர்களும் பேசும் பெரிய ஆங்கிலம் அவனுக்கு விளங்குவதில்லை. ஏன் என்றறியாமலே அவன் போருக்குச் செல்கிறான். ஆகவே இப்புதினத்தில் ஆங்கிலம் ஒன்றன்று: ஏவுவோர்க்கு ஒன்று, ஏவப்படுவோர்க்கு மற்றொன்று. மெனெயின் மொழிப்பிழை அவனது அறியாமையைக் காட்டுவதோடு அமையாது, அவனை அறியாமையில் வைத்த அதிகாரத்தையும் காட்டுகிறது.

எனினும் நூலின் இறுதியில் சொற்பொருள் விளக்கம் இணைக்கப்பட்டுள்ளது. மெனெயின் பேச்சுக்கு விளக்கம் வேண்டுவோர் அவனுடைய ஊரார் அல்லர். வாசகர் யார் என்னும் கூகியின் வினா இங்கும் விடைபெறாமல் நிற்கிறது.

முடிவுரை

ஆங்கிலமா, தாய்மொழியா என்னும் இருமைக்குள் இச்சிக்கலை அடக்க இயலாது. எந்த ஆங்கிலம், எவருடைய தாய்மொழி என்னும் வினாக்களும் உடன் எழுப்பப்பட வேண்டும். ‘சோசாபாய்’ முதல் வினாவுக்கு வலுவான விடையளிக்கிறது. இரண்டாவதன் கடுமையை உணரச் செய்கிறது.