ஃபுட் சஃபாரி: நாட்டெல்லைக்குள் அடங்காத சமையல்

ஃபுட் சஃபாரி, ஆஸ்திரேலியாவின் பன்மொழி ஒளிபரப்பு நிறுவனமான எஸ்.பி.எஸ். தொலைக்காட்சியில் 2006-ஆம் ஆண்டு தொடங்கிய உணவுத் தொடர். மேவ் ஓ'மியரா தொகுத்து வழங்கியது. ஆஸ்திரேலியாவில் குடியேறிய மக்களின் சமையலே இதன் பேசுபொருள். ஒரு நாட்டுக்கு ஓர் அத்தியாயம், அரைமணி நேரம் என்பது இதன் பொது வழக்கம்.

இத்தொடரின் வலிமை மளிகைக் கடையில் இருக்கிறது. சமையலுக்கு முன்பே அந்தந்தச் சமூகத்தவர் பொருள் வாங்கும் கடைக்கு ஓ'மியரா செல்கிறார். எந்த மசாலா, எந்த மாவு, எந்தப் பாத்திரம் இல்லாமல் அந்தச் சமையல் நடக்காது என்று கேட்டறிகிறார். புலம்பெயர்ந்தவர் ஊரைவிட்டு வந்தபின் முதலில் தேடுவது இந்தக் கடையைத்தான். பிறகு வீட்டு அடுப்படி. உணவக வல்லுநர்களுக்கு இணையான இடம் வீட்டில் சமைப்பவருக்கும் கிடைக்கிறது. தொகுப்பாளர் கற்றுக்கொள்பவராகவே நிற்கிறார், தீர்ப்பு சொல்வதில்லை. உணவு நிகழ்ச்சிகளில் இது அரிது.

குறை அதன் சட்டகத்தில் உள்ளது. ஒரு நாடு, ஒரு சமையல் என்ற கணக்கு ஒரே ஓர் ஊரின் முன்கூட நிற்காது. திண்டுக்கல் பிரியாணியை எடுத்துக்கொள்ளலாம். சீரகச் சம்பா அரிசி, சிறு துண்டுகளாக நறுக்கிய ஆட்டிறைச்சி, தயிர், எலுமிச்சை, தூக்கலான மிளகு என்பது அதன் அமைப்பு. பிரியாணி என்ற பெயரே பாரசீக வழி வந்தது. 1957-இல் அதைக் கடையில் விற்றுப் புகழ்பெறச் செய்தவர் நாகசாமி நாயுடு. அவர் கட்டிய தலைப்பாகையே பின்னர் வணிகப்பெயர் ஆயிற்று. நகரின் வரலாற்றில் 1755-இல் ஹைதர் அலி பௌஜ்தாராக வந்ததும், அவர் தங்கையின் பெயரில் பேகம்பூர் அமைந்ததும் உண்டு. சௌராஷ்டிர நெசவாளர்களும் இங்கும் சின்னாளபட்டியிலும் தலைமுறைகளாக வாழ்கின்றனர். இந்தத் தட்டை எந்த நாட்டின் அத்தியாயத்தில் வைப்பது? 'இந்தியா' என்று எழுதினால் அதில் உள்ள பயணம் எல்லாம் மறைந்துவிடும்.

2016-இல் வந்த ஃபுட் சஃபாரி ஃபயர் இந்தச் சிக்கலை ஓரளவு கடந்தது. நாட்டுக்குப் பதிலாக நெருப்பைத் தலைப்பாக்கியதால் பல நாட்டு அடுப்புகள் அருகருகே வந்தன. ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

இன்னொரு குறை, மக்கள் ஏன் இடம்பெயர்ந்தார்கள் என்ற கேள்வியைத் தொடர் மெல்லத் தொட்டுவிட்டு அடுப்புக்குத் திரும்பிவிடுவது. ஆன்டனி போர்டெய்னின் பார்ட்ஸ் அன்நோன் தொடரில் 2017-இல் வந்த இலங்கை அத்தியாயத்தோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். அதில் அவர் யாழ்ப்பாணத்துக்கு ரயிலில் செல்கிறார். உணவோடு போரும் பேசப்படுகிறது. ஆனால் போர்டெய்ன் எப்போதும் கதையின் நடுவில் இருப்பார். ஓ'மியரா ஒதுங்கி நிற்பார். இரண்டில் எது மேல் என்பது பார்ப்பவர் விருப்பம். சமைப்பவரின் கையைப் பார்க்க வேண்டுமானால் ஓ'மியராவே.

தமிழ்த் தொலைக்காட்சிகளின் உணவுப் பயணங்கள் பெரும்பாலும் இவ்விரண்டும் அல்லாதவை. திண்டுக்கல் என்றால் பிரியாணிக் கடை, ஒரு வாய், "சூப்பர்", அடுத்த கடை. அண்டாவைக் கிளறுபவரின் பெயர்கூடத் தெரிவதில்லை. வேடசந்தூர் வட்டார நூற்பாலைகளில் இன்று பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் வேலை செய்கின்றனர். வேலை முடிந்து அவர்கள் தங்குமிடத்தில் என்ன சமைக்கிறார்கள், கடுகெண்ணெய்யை எந்தக் கடையில் வாங்குகிறார்கள், கிடைக்காததற்கு எதை ஈடாகப் போடுகிறார்கள் என்பவை ஓ'மியரா முதல் நாளே கேட்டிருக்கக்கூடிய கேள்விகள். இதற்குப் பெரிய செலவும் வேண்டியதில்லை. ஒரு மளிகைக் கடையும், பேச விருப்பமுள்ள ஒருவரும், குறுக்கிடாத தொகுப்பாளரும் போதும்.